போக ஒரு படுக்கை, வர ஒரு படுக்கை

கெய்ரோவின் ஷுப்ரா தெருவில் எங்கள் பலகைதான் பெரியது. பக்கத்து மருந்துக் கடைக்காரன் தன் பலகையை இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தான். நானும் இரண்டு முறை பெரிதாக்கினேன். இப்போது அவன் மாத்திரை விற்பதோடு நிறுத்திக்கொண்டான். ‘தஸூகி டிராவல்ஸ்’ என்று முழ உயர எழுத்து. தஸூகி நான்தான்; ஆபீசில் எல்லோருக்கும் ஹாஜியார். நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததில்லை. கெய்ரோ விமான நிலையத்தில் பதினெட்டு வருஷம் பெட்டி தூக்கினேன். ஒருத்தன் பெட்டியைக் கையில் வாங்கியதுமே அவன் எந்த நாட்டுக்குப் போகிறான், மாமனார் வீட்டுக்குப் போகிறானா, வேலைக்குப் போகிறானா என்று சொல்லிவிடுவேன். அந்தக் கையால் கட்டிய ஆபீஸ் இது. இன்று இங்கே பட்டதாரிகள் நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். நான் உள்ளே வந்தால் மூன்று பேர் எழுந்து நிற்பார்கள். எழுந்திருக்காத நாலாவது ஆள் நாஷித்.

அவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். என்னைப் பற்றி எழுதுவதென்றால் இன்னும் தடியான நோட்டாக வாங்க வேண்டும்.

நாஷித்துக்கு வயது ஐம்பத்து நாலு. ஒல்லி, ஆனால் நல்ல உயரம். மே மாத வெயிலிலும் பழுப்பு நிற ஸ்வெட்டர். எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள் வழக்கப்படி மணிக்கட்டின் உள்பக்கம் சின்னதாகச் சிலுவை பச்சை குத்தியிருப்பான். முப்பது வருஷமாக அவன் செய்வது ஒரே வேலை: தூர தேசத்துக்குப் போகிறவர்களுக்கு ஆகாயத்தில் படுக்கை தேடித் தருவது. பிசினஸ் கிளாஸ். மற்றவன் நாலு லட்சம் எகிப்து பவுண்டு சொல்கிற சீட்டை இவன் இரண்டுக்குக் கொண்டுவருவான். திருட்டு இல்லை, மந்திரம் இல்லை. விமானக் கம்பெனிக்காரன் எங்கள் டாக்ஸிக்காரனைப் போலத்தான். தூரத்தைப் பார்த்து விலை சொல்வதில்லை, ஏறுகிறவனின் செருப்பைப் பார்த்துச் சொல்கிறான். லண்டனில் ஏறினால் ஒரு விலை, அதே சீட்டுக்கு கெய்ரோவில் ஏறினால் பாதி. எங்கள் ஊர்க்காரன் செருப்பு எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

லண்டனில் வேலை பார்க்கிற நம்ம ஊர்க் கண் டாக்டர் ஒருவர் இதற்காகவே வருஷத்துக்கு இரண்டு தடவை இங்கே வருவார். முழங்கால் தாடையில் இடிக்கிற மலிவு சீட்டில் வந்து இறங்குவார். எதிர்க்கடையில் ஒரு தட்டு கொஷாரி சாப்பிடுவார். மறுநாள் இங்கிருந்து மகாராஜா மாதிரி படுத்துக்கொண்டு, லண்டன் வழியாகவே, டோக்கியோ போவார். ஒரு தடவை அவருக்குப் புத்தி அதிகமாகிவிட்டது. லண்டனில்தானே இருக்கிறோம், கெய்ரோவுக்கு எதற்கு வர வேண்டும், நடுவில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தார். விமான நிலையத்தில் அவர் பெயரே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து நாஷித்துக்குப் போன் போட்டுக் கத்தினார்.

“டாக்டர், எங்க ஹாஜியார் கையில தஸ்பீஹ் மாலை பார்த்திருக்கீங்கல்ல? முதல் மணிகிட்ட நூல அறுத்தீங்கன்னா மிச்சம் அங்கேயே நிக்குமா? மொத்தமும் சோபா அடியில உருண்டு போகும். டிக்கெட்டும் அப்படித்தான். முதல் விமானத்துல ஏறலைன்னா மிச்சம் எல்லாம் செத்துப்போச்சு.”

“இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“சொன்னேன். நீங்க கொஷாரி சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க.”

இதுதான் நாஷித். பணிவு கிடையாது, பொய்யும் கிடையாது. சீட்டு இருந்தால் இருக்கிறது என்பான், இல்லையென்றால் இல்லை என்பான். எங்கள் ஜனங்களுக்கு பிசினஸ் கிளாஸ் என்றால் படுக்கைகூட இல்லை, பெட்டிதான். உட்காருவதற்கு முன்பே “எத்தனை கிலோ கொண்டு போகலாம்?” என்று கேட்பார்கள். “நீங்க போறீங்களா, உங்க பெட்டி போகுதா?” என்று இவன் கேட்பான். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு வாசல் வரை போவார், விலையை நினைத்துத் திரும்பி வருவார்.

ஊருக்கெல்லாம் படுக்கை தேடிக் கொடுத்த இந்த மனுஷன் பதினோரு மாதமாகத் தன் வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டிருந்தான். காரணம், மாமியார் ஷஃபீகா அம்மாள்.

ஷஃபீகா என்றால் இரக்கமுள்ளவள் என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் குழந்தையைச் சரியாகப் பார்க்கவில்லை. நல்ல கனமான உடம்பு. குரல் அதைவிடக் கனம். மூன்றாம் மாடிப் பால்கனியில் நின்று கயிற்றில் கூடையை இறக்கி, கீழே இருக்கிற காய்கறிக்காரனோடு பேரம் பேசினால் அடுத்த தெருவிலும் தக்காளி விலை இறங்கும். ஒரு நாள் படிக்கட்டில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். உள்ளே தகடு வைத்தார்கள். தனியாக இருக்க முடியாது என்று மகள் ஏவ்லின் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ஏவ்லின்தான் நாஷித்தின் மனைவி. வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு கூடம். படுக்கையறையில் அம்மாவும் மகளும். கூடத்தில் நாஷித், அவனைவிட ஒரு சாண் குட்டையான சோபாவில்.

இரண்டாவது மகள் மார்ஸெல் சிட்னியில் இருந்தாள். பெரிய வீடு, தோட்டம், அம்மாவுக்குத் தனி அறை. “அனுப்பி வையுங்க அத்தான், நான் பார்த்துக்கறேன்” என்று வாரா வாரம் சொன்னாள். ஆனால் டாக்டர், இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார். சிட்னிக்கு நேராக விமானம் இல்லை. வளைகுடாவுக்கு நாலு மணி நேரம், அங்கிருந்து பதினாலு மணி நேரம். இரண்டிலும் படுத்தபடிதான் போக வேண்டும். மார்ஸெல் அனுப்பியதும் நாஷித் வைத்திருந்ததும் சேர்ந்து ஒரு லட்சத்து முப்பதாயிரம். அதற்குள் ஒரு படுக்கை கிடைத்தால் அவனுக்குத் தன் கட்டில் திரும்பக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சோபாதான்.

அவன் தேட ஆரம்பித்தான். நான் இதுவரை அப்படியொரு தேடலைப் பார்த்ததில்லை. அம்மானிலிருந்து, துனிஸிலிருந்து, பெய்ரூட்டிலிருந்து என்று ஊர் ஊராகப் போட்டுப் பார்த்தான். ஒரு கம்பெனியில் விலை கொஞ்சம் இறங்கியது. உடனே எழுந்துவிட்டான். பிறகு சீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

“என்னடா ஆச்சு?”

“முதல் நாலு மணி நேரம் சின்ன விமானம் ஹாஜியாரே. பேருதான் பிசினஸ் கிளாஸ். சீட்டு சவரக் கடை நாற்காலி மாதிரி சாயும், அவ்வளவுதான். இதுல ஏத்தி விட்டா அங்க போய்ச் சேர்றதுக்குள்ள அந்தத் தகடு வெளிய வந்து எட்டிப் பார்க்கும்.”

பதினோரு நாள் தேடினான். குறைந்த விலை ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். அதற்குக் கீழே ஒரு பவுண்டுகூட இறங்கவில்லை. முகம் சுருங்கிப்போய்விட்டது. வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வதுகூட மரியாதையாகிவிட்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. அரை கிலோ பஸ்பூஸா வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

ஷஃபீகா அம்மாள் கட்டிலில் நாலு தலையணைக்கு நடுவில் சாய்ந்திருந்தார்.

“வா தஸூகி. இன்னும் இனிப்பு வாங்கிட்டுத்தான் வர்றியா? ஒனக்கு சுகர் இருக்கு, எனக்கு சுகர் இருக்கு. யாரக் கொல்றதுக்கு இது?”

“மருமகன் தின்னட்டும் அம்மா. இளைச்சுப் போயிட்டான்.”

“அவனா? என்னை மூட்டை கட்டி அனுப்பறதுக்கு ராப்பகலா உழைக்கிறான். இளைக்க மாட்டானா?”

நாஷித் கதவருகே நின்றுகொண்டிருந்தான். “அத்தை, உங்க நல்லதுக்குத்தான்...”

“என் நல்லதப் பத்திப் பேசாத. டிக்கெட்டப் பத்திப் பேசு. போக மட்டும் பார்க்கிறியா, போக வரப் பார்க்கிறியா?”

அவன் கதவுத் தாழ்ப்பாளைத் திருகிப் பார்த்தான்.

“பார்த்தியா தஸூகி, வாய் அடைச்சுப் போச்சு. போக மட்டும் டிக்கெட்டாம்! எங்க தெருவுல போக மட்டும் போனவங்கள நான் பார்த்திருக்கேன். நாலு பேர் தூக்கிட்டுப் போவாங்க, சாமியார் முன்னால நடப்பாரு. நான் நடந்து போறவ. திரும்பி வர டிக்கெட் கையில இல்லாம இந்தக் கட்டில விட்டு எறங்க மாட்டேன். அங்க போய் வரப் பிடிக்கலைன்னா அது வேற. வர வழி இருக்கணும்.”

“அத்தை, போக மட்டுமே பணம் பத்தல. இதுல வரவுமா?”

நான் பஸ்பூஸாவை மென்றுகொண்டே யோசித்தேன். நாலாம் வகுப்புத்தான் படித்தவன், ஆனால் இருபது வருஷமாக அந்த ஆபீசில் இவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இவன் வாயாலேயே நூறு தடவை கேட்டிருக்கிறேன்: பிசினஸ் கிளாஸில் பல சமயம் போக மட்டும் வாங்குவதைவிடப் போக வர வாங்குவது விலை குறைவு. தேதி குறித்துத் திரும்புகிறவன் ஊர் சுற்றப் போகிறவன், அவனை இழுக்க விலை குறைப்பார்கள். திரும்பாதவன் அவசரக்காரன், அவனிடம் கறப்பார்கள். எந்த வாடிக்கையாளர் வந்தாலும் உட்கார்ந்த முதல் நிமிஷம் நாஷித் இதைத்தான் சொல்வான். பதினோரு நாளாகத் தனக்கு மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை!

மறுநாள் காலை ஆபீசில் அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

“போக வரப் போடு.”

“என்ன?”

“கெய்ரோ, சிட்னி. போக வர. ஈஸ்டர் முடிஞ்சு போறது, மூணு மாசத்துல திரும்பறது. போடு.”

அவன் என்னைப் பார்த்தான். அவன் காது மடல் சிவந்தது. முப்பது வருஷத்தில் அவனுக்கு ஒரு விலை சொல்லிக்கொடுத்த ஒரே ஆள் நான். அதுவும் கம்ப்யூட்டரைத் தொடாமல். மெதுவாக அடித்தான். பெரிய விமானம், இரண்டு பக்கமும் தட்டையாக விரிகிற படுக்கை, பெட்டிக்கு முப்பத்திரண்டு கிலோ வீதம் இரண்டு பெட்டி. ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம்.

பக்கத்து மேஜைப் பையன்கள் கைதட்டினார்கள். நாஷித் தட்டவில்லை.

“தெரிஞ்சுதானே இருந்துது உனக்கு?” என்றேன்.

“தெரியும்.”

“பின்ன ஏன்டா தேடல?”

“‘வர’ங்கிற கட்டத்துக்கு விரலே போகல ஹாஜியாரே.”

பிறகு அவனே தன்னைத் தேற்றிக்கொண்டான். வருகிற டிக்கெட் வெறும் காகிதம்தான். தோட்டத்தையும் தனி அறையையும் பேரப் பிள்ளைகளையும் விட்டுவிட்டு யார் திரும்பி வருவார்கள்? மார்ஸெல் விசாவை நீட்டித்துவிடுவாள். அவ்வளவுதான். பட்டனை அழுத்தினான்.

வழியனுப்ப இருபத்து மூன்று பேர் போனோம். விமான நிலைய வாசலுக்கு மேல் எங்களை உள்ளே விடவில்லை. நாற்பது கிலோவைத் தாண்டிய ஒரு பெட்டியை அங்கேயே திறந்து, காய்ந்த முளுக்கியாக் கீரையையும் பாலாடைக்கட்டி ஜாடியையும் எடுத்து, என் காரிலேயே திருப்பி வைத்தோம். பழைய பழக்கத்தில் நானே பெட்டியைத் தூக்கிப் பார்த்து “இப்ப முப்பத்திரண்டு” என்றேன். வாசலில் இருந்த தராசில் வைத்தபோது முப்பத்திரண்டேதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலியைச் சுற்றி எல்லோரும் வரிசையாக வந்து முத்தம் கொடுத்தார்கள். எங்கள் ஊர் வழக்கம் ஒன்றுண்டு. பயணம் போகிறவர்களிடம் ‘போங்க’ என்று மட்டும் சொல்ல மாட்டோம். “நல்லபடியா போய் நல்லபடியா வாங்க” என்று முழுசாகச் சொல்ல வேண்டும். சர்ச்சுக்காரர் சொன்னார், கீழ்வீட்டுக்காரி சொன்னாள், நானும் சொன்னேன். கடைசியில் நாஷித் குனிந்தான்.

“நல்லபடியா போங்க அத்தை.”

ஷஃபீகா அம்மாள் அவன் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டார். “அப்புறம்?”

“அப்புறம் என்ன? உடம்பப் பார்த்துக்குங்க.”

“அதுக்கு அப்புறம்?”

“மருந்த மறக்காதீங்க.”

“டேய், மிச்சத்தச் சொல்லுடா!”

வந்தவர்கள் எல்லோரும் நாஷித் பக்கம் திரும்பினார்கள். நாற்காலி தள்ள வந்த ஆள் கடிகாரத்தைப் பார்த்தான். பின்னால் ஒரு குடும்பம் தன் பெட்டிகளோடு காத்திருந்தது. அவர்களும் விஷயத்தைப் புரிந்துகொண்டு நாஷித்தையே பார்த்தார்கள். அந்தக் குடும்பத்துக் கிழவர் ஒருவர், “சொல்லிடு தம்பி, விமானம் போயிடப் போகுது” என்றார்.

“நல்லபடியா... வாங்க” என்றான் நாஷித். அப்போதுதான் அம்மாள் அவன் ஸ்வெட்டரை விட்டார்.

“கேட்டியா ஏவ்லின்? ஒம் புருஷன் என்னைக் கூப்பிட்டுட்டான்” என்று சொல்லிக்கொண்டே அம்மாள் உள்ளே போனார்.

அடுத்த இரண்டரை மாதம் நாஷித்துக்குக் கன்னத்தில் சதை வந்தது. காலையில் பத்தரைக்குத்தான் வருவான். கேட்டால், “தூங்கிட்டேன்” என்பான். ஒரு மன்னிப்பு கிடையாது. வாடிக்கையாளர்களிடம் பழைய திமிர் வந்துவிட்டது. ஆபீஸ் நன்றாக நடந்தது.

திரும்புகிற தேதிக்கு எட்டு நாள் முன்னால் அவன் கம்ப்யூட்டரில் ஒரு செய்தி வந்தது. வளைகுடாவிலிருந்து கெய்ரோ வருகிற கடைசிக் கட்ட விமானத்தை மாற்றிவிட்டார்கள். பெரியது போய்ச் சின்னது. சவரக் கடை நாற்காலி. பயணிக்குப் பிடிக்கவில்லையென்றால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது.

நாஷித் அதை மூன்று முறை படித்தான். சத்தமாகப் படித்தால் பாட்டு மாதிரி இருந்திருக்கும். உடனே சிட்னிக்குப் போன் போட்டான். இங்கே மத்தியானம், அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் கேட்கிற மாதிரி வைத்தான், வெற்றி ஊர்வலம் அல்லவா?

“அத்தான், நல்லதாப் போச்சு” என்றாள் மார்ஸெல். “பெரிய விமானமே இல்லன்னு சொல்லிடுங்க. பணம் திரும்ப வரட்டும். விசாவ நான் நீட்டிக்கறேன். அம்மா இங்கயே இருக்கட்டும்.”

“அப்படியே செய்யலாம்மா. அம்மாகிட்ட குடு, நானே சொல்லிடறேன்.”

“நாஷித்தா?” ஆபீஸ் சுவர் அதிர்ந்தது. “ஏன்டா, இது ஒரு ஊரா? ரொட்டிக்காரன் கூவறதில்ல. ஒருத்தன் ஒருத்தன் பேரச் சொல்லிக் கூப்பிடறதில்ல. காலைல கதவ சாத்திட்டுப் போனாங்கன்னா பொழுது சாஞ்சுதான் திறக்கறாங்க. நான் டிவியோட சண்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். அது திருப்பித் திட்டக்கூட மாட்டேங்குது. பேரப் பசங்களுக்கு நான் திட்டறது புரியல, சிரிக்கிறானுங்க. மார்ஸெல் என்னமோ விமானம் இல்லைங்கறா. அவ சொல்றத நான் நம்பல. நீ சொல்லு. நான் படுத்துக்கிட்டு வர்ற மாதிரி விமானம் இருக்கா, இல்லையா?”

நாஷித் வாயைத் திறந்தான். மூடினான். நான் என் கண்ணால் பார்த்தேன், ‘இல்லை’ என்ற வார்த்தை அவன் நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது.

“கொஞ்சம் பொறுங்க அத்தை. பார்த்துட்டு சொல்றேன்” என்று போனை வைத்தான்.

பிறகு திட்ட ஆரம்பித்தான். விமானக் கம்பெனியைத் திட்டினான், மார்ஸெலைத் திட்டினான், செத்துப்போன மாமனாரைத் திட்டினான், போக வரப் போடச் சொன்ன என்னை எல்லாரையும்விட அதிகமாகத் திட்டினான். திட்டிக்கொண்டே அவன் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. கம்பெனியின் எண்ணுக்குப் போன் போட்டான். இரண்டு மணி நேரம் சங்கீதம் கேட்டோம். கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

“சார், பணம் வேணும்னா திருப்பித் தர்றோம்.”

“பணம் வேணாம்மா. விமானத்த மாத்தினது நீங்க. உங்க வேற விமானத்துல சும்மா மாத்தித் தரணும், அது உங்க சட்டம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வர்றது பெரிய விமானம். அதுல போடுங்க.”

“அது ஃபுல் சார்.”

“ஃபுல் இல்ல. ரெண்டாவது வரிசையில ஜன்னலோரம் ஒண்ணு காலியா இருக்கு. நான் பார்த்துக்கிட்டேதான் பேசறேன்.”

அந்தப் பக்கம் அவள் கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “போட்டுட்டேன் சார்” என்றாள்.

அவன் காதிலிருந்து போனை எடுத்ததும் நான் கேட்டேன்: “பைத்தியக்காரா, ‘இல்லை’ன்னு ஒரு வார்த்தை. வலிக்குமா?”

“இருந்துச்சே ஹாஜியாரே” என்றான். “இருக்கிற சீட்ட இல்லைன்னு சொல்லி இன்னி வரைக்கும் ஒருத்தரையும் நான் அனுப்பினதில்ல. மாமியாருக்காகவா ஆரம்பிக்கறது?”

செவ்வாய்க்கிழமை நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். ஷஃபீகா அம்மாள் சக்கர நாற்காலியில், கம்பெனிக்காரன் கொடுத்த காலுறையோடு வந்தார். விமானத்துக் கம்பளி ஒன்றும் மடியில் இருந்தது. அதைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

“படுக்கை தட்டையா இருந்துதா?” என்றான் நாஷித். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“இருந்துது. ஆனா அந்த ஜன்னலோரத்துல இடது இடுப்புகிட்ட ஒரு மேடு. ராத்திரியெல்லாம் குத்துச்சு. என்னத்தப் பார்த்துப் போட்ட நீ?”

நாஷித் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையில் வரிசை எண்ணை எழுதிக்கொண்டான். அந்த விமானத்தில் அந்த சீட்டை இன்றுவரை யாருக்கும் அவன் கொடுப்பதில்லை.

இதெல்லாம் நடந்து ஆறு மாதம் ஆகிறது. ஷஃபீகா அம்மாள் கட்டிலில் இருக்கிறார், நாஷித் சோபாவில் இருக்கிறான், பால்கனிக் கூடை இறங்குகிறது, தக்காளி விலையும் இறங்குகிறது. நாஷித் இப்போது ஆபீசுக்குக் காலை எட்டு மணிக்கே வந்துவிடுகிறான். நான் விளக்கை அணைத்தால்தான் எழுந்திருக்கிறான். ஒரு நாளுக்கு இரண்டு ஆள் வேலை. போன மாதம் மட்டும் பதினேழு பேரைப் படுக்க வைத்து அனுப்பினான். போக வரப் போடு என்று சொன்னவன் யார் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.